உமாசுதனின் முதுகு

விக்னராஜா கமராவைப் பிடுங்கியபோது அதன் வார் ஆரணியின் கழுத்தை அறுத்தது. அவள் விடவில்லை. அவன் ஓங்கிக் கன்னத்தில் அறைந்தான். கமரா கைக்கு வந்தது. பின்மூடியைத் திறந்து, படச்சுருளை உருவி வெயிலில் இழுத்தெறிந்தான்.

"புருசன் செத்துக் கிடக்கிறான், நீ படம் எடுக்கிறியோ?"

ரயில் ஸ்தாசியோனேக்குப் பக்கத்தில், தான் வேலை செய்த மீன்கடை வாசலில் அவனுடைய தம்பி உமாசுதன் குப்புறக் கிடந்தான். சரிந்த பெட்டியின் ஐஸ் அவன் இடுப்போரம் சிவந்து கரைந்துகொண்டிருந்தது. மோட்டார் சைக்கிளில் வந்த இருவரும் தேடியது கடைக்காரனைத்தான். மூன்று மாதமாக மாஃபியாவுக்குக் கப்பம் கட்ட மறுத்தவன் அவன். சத்தம் கேட்டதும் குளிரறைக்குள் பாய்ந்து கதவைச் சாத்திக்கொண்டான். தெருவுக்கு ஓடிச் சூடு பட்டவன் உமாசுதன்.

ஆரணிக்கு லிபெர்த்தாத் தெருவில் வீட்டு வேலை. பின்னேரங்களில் பத்திரிகைக்குப் படம் எடுக்கப் பழகினாள். முந்தின வருடம் மாஃபியா நீதிபதிகளைக் குண்டு வைத்துக் கொன்ற பிறகுதான் பலெர்மோ நகரம் மெல்ல வாய் திறந்திருந்தது. வருடக்கணக்காக எந்தப் பத்திரிகையும் போடத் துணியாத படங்களைச் சுவரில் ஒட்டி, பத்திரிகைப் படக்காரி சிஞ்ஞோரா கிளேலியா பத்துப் பேரைப் பழக்கினாள். ஆரணியை அங்கே சேர்த்துவிட்டதே உமாசுதன்தான். விக்னராஜாவுக்கு அது பிடிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அவனுடைய கூட்டாளி ஒருவனை, எடுத்த படங்களுக்காக ஆமியும் தேடியது, இயக்கமும் தேடியது. கடைசியில் யார் கொண்டுபோனார்கள் என்பதே தெரியாமல் போயிற்று.

மறுநாள் காலை ஆரணி பத்திரிகையைக் குசினி மேசையில் விரித்தாள். விக்னராஜாவுக்கு இத்தாலியன் வாசிக்க வராது.

"என்ன போட்டிருக்கிறான்?"

"தமிழாக்கள் குடிச்சிட்டுச் சண்டை பிடிச்சவையாம். இவர் கத்தியோடை எதிர்த்துப் போனவராம்."

"ஆர் சொன்னது?"

"கடைக்காரன்."

"தம்பி குடிக்கிறேல்லையே!"

ஆரணியின் கன்னத்தில் அவனுடைய விரல்கள் தடித்துக் கிடந்தன. அவன் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நீ எடுத்த படத்தில என்ன இருந்தது?"

"அவரின்ரை முதுகு."

பிரேத அறையில் உடுப்பு மாற்றப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். விக்னராஜா புது வேட்டியைப் பிரித்தான். பிறகு அதை மடித்துக் கதிரையில் வைத்தான்.

"கமரா கொண்டந்தனியோ?"

"ஓம் அத்தான்."

"எடு."

"உங்கடை முகமும் விழும். சிஞ்ஞோரா எப்படியும் பேப்பரில போடுவிப்பா. சுட்டவங்களும் பாப்பாங்கள்."

"விழட்டும்."

உடலை மூடியிருந்த துணியை விலக்கினான். தம்பியின் தோளுக்கடியில் கையைக் கொடுத்து இழுத்தான். உடல் அசையவில்லை. முழங்காலை மேசையில் ஊன்றி மறுபடி இழுத்தபோது அது மொத்தமாகப் புரண்டு அவன் மேல் சாய்ந்தது. தம்பியின் முகம் அவன் வயிற்றில் குளிர்ந்து அழுந்தியது. வாசலில் நின்ற காவலாளி கத்திக்கொண்டு ஓடி வந்தான். விக்னராஜா உடலை விடாமல் காலால் கதவை உதைத்துச் சாத்தினான்.

தோள்பட்டைகளுக்கு நடுவே இரண்டு துளைகள். ஆரணி முழங்கைகளை விலாவில் இறுக்கி மூச்சைப் பிடித்தாள்.

"அத்தான், கையைக் கொஞ்சம் விலத்துங்கோ. காயத்தை மறைக்குது."

அவன் கையை எடுத்தான். எங்கே வைப்பதென்று தெரியாமல் தம்பியின் தலையில் வைத்தான். மயிருக்குள் ஒரு மீன்செதில் ஒட்டியிருந்தது. அதை நகத்தால் கிள்ளியெடுத்து, அவள் எடுத்து முடிக்கும்வரை விரல் நுனியிலேயே வைத்திருந்தான்.