சிலோன்காரிக்கு ஒரு கிளாஸ்

பன்னிரண்டு வருஷம் சிலோன் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்தவள் வடிவு. அவள் கையைத்தான் கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக்கார நோயாளி தட்டிவிட்டாள். "இந்தக் கறுத்த சிலோன் கூலி என்னைத் தொடக்கூடாது!" மேட்ரனாவது நியாயம் கேட்டாளா? அவளும் வெள்ளைக்காரிதானே! அன்றைக்கே வடிவை வார்டிலிருந்து விரட்டி, மலச்சட்டி கழுவப் போட்டாள்.

வடிவு சிலோனிலிருந்து கப்பலேறி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இருந்தாலும் தன் வார்டு வேலையை விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை. நேரே ஆஸ்பத்திரித் தொழிலாளர் சங்கத்துக்குப் போனாள்.

சங்கச் செயலாளர் சுப்புராஜ் மேசையில் ஓங்கி அடித்தார்.

"வெள்ளைக்காரன் போயி இருபத்திரெண்டு வருசமாச்சு. இன்னும் நம்ம ஆளத் தொடாதேங்கிறாளா? நாளைக்கே வேலைநிறுத்தம்! ஒங்கள யாரு யாரு அவமானப்படுத்துனாங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்கம்மா. மத்தத நான் பாத்துக்கிறேன்."

கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். வடிவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து டீ வந்தது. ஆயா கந்தம்மாள் எல்லாருக்கும் கண்ணாடி கிளாஸில் ஊற்றிக் கொடுத்தாள். வடிவுக்கு மட்டும் ஒரு தேங்காய்ச் சிரட்டை.

"இது என்னங்க?"

"கோவிச்சுக்காத தாயி. அக்கரையில இருந்து வந்தவுக என்ன சாதியோ, என்ன சனமோ! விசாரிச்சுட்டு கிளாஸு தாரோம்."

இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்த சுப்புராஜுக்குக் கேட்காமல் இருக்குமா? மனுஷன் டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

"சின்ன விசயம்மா. மொதல்ல மேட்ரனப் பாப்போம். வெரசா எழுதுங்க."

சின்ன விஷயமாம்! கேட்கவே காது கூசுகிறது. வடிவு பேனாவை எடுத்து மேட்ரன் பெயரை எழுதினாள். கீழே கந்தம்மாள் பெயரை எழுதினாள். அதற்கும் கீழே, 'சங்கச் செயலாளர் சுப்புராஜ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

சுப்புராஜ் முகம் கறுத்தது. "கிறுக்குப் புடிச்சிருக்கா? இத நான் எப்பிடிக் கொண்டுபோயிக் குடுக்கிறது? வேலைநிறுத்தமே நின்னுபோகும். ஒனக்கு வார்டு வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும். தொடாதேன்னு அந்தத் துரைசானி சொன்னதைத்தானே இந்தச் சிரட்டையும் சொல்லுது? கிளாஸுல ஊத்திக் குடுங்க. ஒங்க பேரு ரெண்டையும் இப்பவே அடிச்சிடுறேன்."

மேசைமேல் நாலைந்து கிளாஸ்கள் சும்மாதான் கிடந்தன. ஒருத்தர் கையும் நீளவில்லை.