வெளியாளிடம் கொடுத்த வேலை

ஆங்கிலம்–தமிழ் அகராதி போடும் ஆபீஸில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவளுக்கு அக்கம்பக்கத்தில் 'அகராதி' என்றே பெயர். அகராதி பிடித்தவள் என்று அர்த்தம் வைத்துச் சிரிப்பவர்களும் உண்டு, சிரித்துவிட்டுப் போகட்டும். அவளுக்கு வயிற்றெரிச்சல் வேறொன்றில். போன வருஷம் ஆபீஸ் அவள் நாற்காலியை எடுத்துவிட்டு, வேலையை மட்டும் வீட்டுக்கு அனுப்ப ஆரம்பித்திருந்தது.

அந்த ஆபீஸில் ஒரு வழக்கம். எழுதிய உதாரண வாக்கியத்தைப் பக்கத்து சீட்டுக்காரரிடம் வாய்விட்டுப் படிக்க வேண்டும். அவர் "யாரு? எதுக்கு?" என்று ஒரு கேள்வி கேட்டாலும் வாக்கியம் குப்பைக்குத்தான். இப்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? கணவர் போய்ச் சேர்ந்து ஐந்து வருஷம். சுவரிடமா படிப்பது?

அன்று வந்த பட்டியலில் 'ஃபார்ம் அவுட்' இருந்தது. தான் செய்ய வேண்டிய வேலையை வெளியாளிடம் கொடுத்துச் செய்விப்பது என்று பொருளைச் சட்டென்று எழுதிவிட்டாள். உதாரணம்தான் வருவேனா என்றது. தையல்காரர் பட்டன் வேலையை வெளியே கொடுத்தார் என்று ஒன்று எழுதிப் பார்த்தாள். சப்பென்று இருந்தது. யாராவது காது கொடுத்தால் தேவலை. மகனுக்கு போன் போட்டாள். அவன் குரலைக் கேட்டுப் பதினாறு நாள் ஆகியிருந்தது.

"மீட்டிங்ல இருக்கேன்மா."

"ஒரே ஒரு வாக்கியம்டா கண்ணு. கேட்டுட்டு வச்சிடு."

"எங்க ஆபீஸ் பொண்ணைப் பேசச் சொல்றேன். இனிமே தினமும் சாயங்காலம் அவளே கூப்பிடுவா. மாத்திரை போட்டியான்னும் கேட்டுப்பா. உனக்கும் பொழுது போகும், சரியா?"

வைத்துவிட்டான். அடப்பாவி! தையல்காரரை அடித்துவிட்டு வேறொன்று எழுதினாள். பேனா ஓரிடத்திலும் தயங்கவில்லை.

ஐந்து மணிக்கு அந்தப் பெண் கூப்பிட்டாள். மாத்திரை, சாப்பாடு, தூக்கம் என்று வரிசையாக விசாரித்தாள். குறை சொல்ல முடியாது, கனிவான குரல். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, இவள் வாக்கியத்தைப் படித்தாள்: "மகன், அம்மாவிடம் பேசும் வேலையை ஆபீஸ் பெண்ணிடம் கொடுத்துவிட்டான்."

பேனாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"புரியுதாம்மா? ஏதாவது கேக்கணுமா?"

"புரியுதுங்க," என்றாள் அவள் மெல்ல. "கேக்க ஒண்ணுமில்லை."

வாக்கியம் தேறிவிட்டது. ஆனாலும் இவளுக்குப் போனை வைக்க மனசு வரவில்லை.

"இன்னும் ரெண்டு இருக்கு. கேக்கறியாம்மா?"

"சார் பத்து நிமிஷம்னு சொன்னாருங்க," என்றாள் அந்தப் பெண். "ஆயிடுச்சு."