கப்பிச் சத்தம்

ஸகியாவும் அவளுடைய மருமகன் றஸ்மியும் ஆறு வருடங்களாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். இன்றுவரை நேருக்கு நேர் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. சண்டை சச்சரவு ஒன்றுமில்லை. மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டுக்கு மாப்பிள்ளை வந்து குடியேறுவது கல்முனைப் பக்கத்து வழக்கம். வந்த மாப்பிள்ளையோடு மாமி முகம் பார்த்துக் கதைக்காமல் இருப்பது ஸகியாவின் உம்மா காலத்து மரியாதை. ஊரில் முக்கால்வாசிப் பேர் அதை எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். ஸகியா விடவில்லை. பிடிவாதத்தில் அவளை வெல்ல ஆளில்லை.

அதற்காக வீட்டில் ஒரு காரியமும் நின்றுபோனதில்லை. றஸ்மிக்குச் சொல்ல வேண்டியதை மகள் முஸ்பிறாவிடம் சொல்வாள். மகள் படிப்பிக்கப் பள்ளிக்கூடம் போய்விட்டால் பூனையிடம் சொல்வாள். சோறு ஆறுகிறது என்று பூனைக்குச் சொன்னால் றஸ்மி கை கழுவிக்கொண்டு வந்து உட்காருவான். குழம்பு நன்றாக இருந்தால் அவனும் அதைப் பூனைக்குத்தான் சொல்வான். அந்தப் பூனை மீன்தலையைத் தவிர வேறெதையும் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கிழமை ஸகியா கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள். வலது தோளின் தசைநார் அறுந்துபோயிற்று. ஆபரேஷன் செய்து தைத்து, கையைக் கழுத்தோடு துணித்தூளியில் தொங்கவிட்டு அனுப்பினார்கள். தைத்த கை தன் பலத்தில் உயரக் கூடாது. ஆனால் உயர்த்தப்படாமல் கிடந்தால் தோள் இறுகிவிடும். ஆகவே இன்னொருவர் கையை ஏந்தி மெல்ல மெல்ல உயர்த்திவிட வேண்டும். மூன்று வேளையும் முஸ்பிறா அதைச் செய்தாள். ஆறு கிழமை முடிந்து தூளியைக் கழற்றிய கையோடு, அவளுக்குக் கொழும்பில் ஒரு மாதப் பயிற்சி வந்துவிட்டது.

பக்கத்துத் தெருச் செல்லத்தங்கம் தான் பார்த்துக்கொள்வதாக வந்தாள். நல்ல மனசுக்காரி, அதுதான் வினையாகிப் போனது. ஸகியா முகம் சுளித்த உடனேயே கையை இறக்கி வைத்துவிட்டு அவளும் சேர்ந்து அழுதாள். இரண்டு நாளில் அது நின்றுபோயிற்று. நோய் விசாரிக்க வந்த பெண்கள் எல்லோரும் பிஸ்கட் பெட்டியோடு ஒரே புத்தியையும் கொண்டுவந்தார்கள்: கையை அசைக்காமல் வைத்திரு. அந்தப் புத்தி ஸகியாவுக்கு இனித்தது. மகள் போனில் கேட்டபோதெல்லாம், செய்கிறேன் என்றாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள்தான். வலிக்குப் பயந்து சொன்னாள்.

தொழுகைக்கு நிற்கும்போது மட்டும் அவளுக்கு நெஞ்சு கனத்துவிடும். தக்பீர் கட்ட இரண்டு கைகளையும் உயர்த்தினால் இடது கை தோளுக்குப் போகும், வலது கை வயிற்றோடு நின்றுவிடும். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டென்பது அவளுக்குத் தெரியாததல்ல. என்றாலும் படைத்த ரப்புக்கு முன்னால் பாதி ஆளாக நிற்பது போலிருந்தது.

ஆஸ்பத்திரி நாள் வந்தது. றஸ்மி ஆட்டோவில் கூட்டிப்போனான். அவன் முன்னால், அவள் பின்னால், வழி நெடுகப் பேச்சில்லை. பயிற்சி கொடுக்கும் துஷாந்தினி கையை உயர்த்திக் கோணம் அளந்து பார்த்தாள். போன தடவையைவிடக் குறைந்திருந்தது. அவள் றஸ்மியை உள்ளே கூப்பிட்டாள்.

"மூணு கிழமை தாறன். அதுக்குள்ள கை தோள்மட்டம் வராட்டி, மயக்கமருந்து குடுத்து, இறுகின தோளப் பலவந்தமாத்தான் பிரிக்க வரும். வீட்டில நீங்கதானே இரிக்கிறீங்க, உம்மாட கையப் பிடிச்சு உயர்த்தி விடுங்க."

மாமியும் மருமகனும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள். துஷாந்தினிக்கு என்ன விளங்கியதோ, கயிறும் கப்பியும் இருந்தால் இப்போது அதுவும் செய்யலாம் என்றாள்.

றஸ்மி படகு எஞ்சின் திருத்துகிறவன். அன்று பின்னேரமே ஒரு பழைய கப்பியைக் கொண்டுவந்து மாமியின் அறைக் கூரை வளையில் மாட்டினான். கயிற்றின் இரண்டு முனையிலும் கைபிடிக்கக் கட்டைகள். இடது கையால் இழுத்தால் வலது கை தானாக மேலே போகும். வாசலில் திரைச்சீலை. திரைக்கு இந்தப் பக்கம் அவன் கதிரையைப் போட்டுக்கொண்டு, பதினைந்து தடவை இழுக்க வேண்டுமாம் என்று பூனைக்குச் சொன்னான்.

முதல் நாளே ஸகியாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வலி ஒருபக்கம், கப்பியின் கிரீச்சுச் சத்தம் ஒருபக்கம். எண்ணெய் போட்டால் என்ன என்று பூனையிடம் கேட்டாள். பதில் வரவில்லை. சட்டை முழுக்க எண்ணெயோடு திரிகிறவனுக்கு ஒரு சொட்டுக்குப் பஞ்சமா என்று கடுப்பாக இருந்தது.

நாலாம் நாள் ஒன்பதோடு நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்தாள். திரைக்கு அப்பால் ஒரு செருமல் கேட்டது. இழுத்தாள், கிரீச். நிறுத்தினாள், செருமல். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவன் பார்க்கவில்லை, சத்தத்தை எண்ணிக்கொண்டிருக்கிறான். இதற்காகவே மூன்று வேளையும் வேலையைப் போட்டுவிட்டுக் கடற்கரையிலிருந்து வருகிறான். பெற்ற மகன் இருந்தாலும் செய்வானோ என்று நினைத்தாள். மிச்சம் ஐந்தையும் இழுத்து முடித்தாள். அதன் பிறகு ஒரு நாளும் அவன் செரும வேண்டி வரவில்லை.

மூன்றாம் கிழமை துஷாந்தினி அளந்தபோது கை தோள்மட்டம் தாண்டியிருந்தது. பலவந்தமாகப் பிரிக்கத் தேவையில்லை. பயிற்சியை மட்டும் இன்னும் இரண்டு மாதம் விடக் கூடாது என்றாள். அன்று மஃரிபுத் தொழுகைக்கு ஸகியா தக்பீர் கட்டினாள். வலது கை நடுங்கிக்கொண்டே இடது கைக்குச் சமமாக வந்து நின்றது. தொழுது முடித்ததும் வெகுநேரம் அழுதாள், சந்தோசத்தில்.

மறுநாள் முஸ்பிறா வந்து சேர்ந்தாள். இனி உம்மாவின் பக்கத்திலிருந்து தானே எண்ணிக்கொள்வதாகச் சொன்னாள். றஸ்மி ஏணியையும் எண்ணெய்க் குப்பியையும் எடுத்துவந்து கப்பிக்கு நேரே ஏறினான். குப்பியைச் சரித்த நேரம் திரைச்சீலை விலகியது. ஸகியா அறைக்குள் வந்து ஏணியடியில் நின்று, அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"மருமகன், எண்ணெய் போட வேணாம். உங்களுக்குக் கேக்கணும்."

றஸ்மி ஏணியில் நின்றபடியே அவசரமாகப் பூனையைத் தேடினான். அது அங்கே இல்லை.

"ஓம் மாமி," என்றான்.