பெண் பணியாளர் டார்ச்

என் கணவரிடம் முப்பத்தாறு டார்ச் இருக்கிறது. வீட்டில் கரண்ட் போனால் மெழுகுவர்த்தியைத் தேடுவது நான்தான்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். வேலை முடிந்து வந்ததும் படுக்கையறை ஜன்னலைப் போர்வையால் மூடிவிட்டு, வெள்ளைச் சுவரில் ஒவ்வொரு டார்ச்சாக அடித்துப் பார்ப்பார். நடுவட்டம் மஞ்சளாக இருக்கிறதா, ஓரத்தில் பச்சை தட்டுகிறதா என்று ஃபோட்டோ எடுத்து, வெளிச்சம் இத்தனை லூமன் என்று எழுதி, நானூறு ஆண்கள் உள்ள ஒரு குழுவுக்கு அனுப்புவார். அந்த நானூறு பேரும் அவரவர் வீட்டுச் சுவரைப் பதிலுக்கு அனுப்புவார்கள். குடியா, சீட்டா, சுவரோடு போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். அதுதான் என் தப்பு.

நான் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் கம்பெனியில் மெக்கானிக்குகள் பதினோரு பேர். பத்து ஆண்கள், நான் ஒருத்தி. ஆறு மாதமாக மீசை அண்ணன் என்று எல்லோரும் கூப்பிடும் மூத்த மெக்கானிக்கோடு துணைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆறாம் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டால், எனக்கென்று இருபது கட்டடங்கள். யாரும் கூட வராமல் நானே போய் நானே வேலையை முடிக்கலாம். அந்த ஒரு கையெழுத்துக்காகத்தான், "பொம்பளப் புள்ளைக்கு இந்த வேலை எதுக்கும்மா" என்பதை வேளைக்கு ஒன்றாக மாத்திரை மாதிரி விழுங்கிக்கொண்டிருந்தேன்.

அந்த வெள்ளிக்கு இரண்டு நாள் முன்னால், மதியம் மூன்று மணிக்கு, ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் கரண்ட் போய் லிஃப்ட் நின்றுவிட்டது. மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில். உள்ளே ஒரு டீச்சர், இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தை.

மீசை அண்ணன் மூன்றாம் மாடிக் கதவில் நின்றுகொண்டார். நான் மொட்டை மாடியில் இருக்கும் மெஷின் அறைக்கு ஓடினேன். அங்கே செய்ய வேண்டியது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். மெயினை அணைத்துவிட்டு, இடது கையால் பிரேக் கட்டையை விடுவித்து, வலது கையால் சக்கரத்தைச் சுற்றிப் பெட்டியை மெல்ல இறக்க வேண்டும். கம்பிக் கயிற்றில் மாடிக்கு ஒன்றாக மஞ்சள் பெயின்ட் கோடு இருக்கும். அந்தக் கோடு வந்ததும் நிறுத்த வேண்டும். கோட்டைத் தவறவிட்டால் பெட்டி வாசலுக்குக் கீழே இறங்கிவிடும். ஜன்னலே இல்லாத அறை அது. ஃபோனை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பது கம்பெனி விதி.

பையில் கையை விட்டேன். என் ரப்பர் டார்ச் இல்லை. தள்ளினால் எரியும், இழுத்தால் அணையும், ஐந்து வருடமாக என்னோடு வந்த டார்ச். அதற்குப் பதிலாகச் சுண்டுவிரல் நீளத்தில் ஏதோ வழவழவென்று கையில் பட்டது. வீட்டில் பார்த்த சாமான். சரி, அவசரத்துக்கு ஆகட்டும் என்று பட்டனை அமுக்கினேன். இரண்டு தடவை கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்துவிட்டது. மறுபடி அமுக்கினேன். மறுபடி சிமிட்டியது. அமுக்கிப் பிடித்தேன், மின்மினி அளவுக்கு எரிந்தது. விட்டதும் போய்விட்டது. கயிறு இறங்கும் துளை வழியாகக் கீழிருந்து குழந்தை வீறிடும் சத்தம் வந்தது. எரிச்சலில் கண்டபடி அமுக்கினேன். படபடவென்று வெட்டி வெட்டி அடித்தது, கயிறு எது நிழல் எது என்று தெரியவில்லை. இன்னும் அமுக்கினேன். மூன்று தடவை சிமிட்டி, சற்று நிறுத்தி, நான்கு தடவை சிமிட்டியது. அதன் அர்த்தம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முப்பத்து நான்கு டிகிரி. கும்மிருட்டில் நின்றவளுக்கு அந்தச் சனியன் தன் உடம்புச் சூட்டைச் சொல்லியிருக்கிறது.

"என்ன தங்கச்சி ஆச்சு? புள்ள அழுதுல்ல!" என்று மீசை அண்ணன் கத்தினார்.

மாடிப்படியில் கீழே ஓடி, அவர் கையிலிருந்த டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு மேலே ஓடி, பெட்டியை இறக்கினேன். மொத்தம் பதினோரு நிமிடம். கதவு திறந்ததும் டீச்சர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் மறக்க மாட்டேன். குழந்தை அழுது அழுது ஓங்கரித்துச் சட்டை நனைந்திருந்தது. "மெக்கானிக்குக்கு டார்ச் போடத் தெரியல" என்று அன்றைக்கே புகார் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சத்தம் போட்டேன். அவர் மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு சொன்ன?"

"பதினொண்ணு. புள்ள அலறுச்சுன்னு சொல்றேன், காதுல விழுதா?"

அவர் ஃபோனில் டைப் அடித்துக்கொண்டிருந்தார். உதட்டோரம் சிரிப்பு. ஃபோனைப் பிடுங்கிப் பார்த்தேன். குழுவில் ஒரு பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. தலைப்பு, மனைவி சோதனை. டார்ச்சை எரியாதபடி அதன் பட்டனாலேயே பூட்டி மனைவி கையில் கொடுத்துவிட வேண்டியது, எரிய வைக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று எழுத வேண்டியது. ஒருத்தன் மனைவிக்கு நாற்பது நொடி. ஒருத்தன் மனைவிக்கு நான்கு நிமிடம், 'கடைசியில் அழுதுவிட்டாள்' என்று போட்டு மூன்று சிரிப்புப் படம். கடைசி வரி என் வீட்டுக்காரருடையது. 'பதினோரு நிமிடம். இத்தனைக்கும் மெக்கானிக்!' அதற்குச் சிரித்தவர்களில் எங்கள் சூப்பர்வைசரும் இருந்தார்.

ஃபோனை அவர் மடியில் எறிந்தேன். கூட உட்கார்ந்து சாப்பிடுகிற, ஒரே தலையணை உறையைத் துவைத்துப் போடுகிற மனிதர். நான் குளிக்கும்போது என் பையைத் திறந்து டார்ச்சை மாற்றியிருக்கிறார். ஒரு குழந்தை அலறிய நேரத்தை மார்க்காகப் போட்டிருக்கிறார்.

"விளையாட்டுக்குத்தானே? கம்பெனி குடுத்ததுன்னு நெனச்சு நீ ஈஸியாப் போடுவன்னு பார்த்தேன். நாலு தடவ அமுக்குனா பூட்டு திறந்துரும். இதுகூடத் தோணலயா?" என்றார்.

"அதோட புஸ்தகத்தக் குடுங்க" என்றேன்.

நாற்பத்தெட்டுப் பக்கம். லிஃப்டின் சர்க்யூட் படம் படிக்கிறவளுக்கு அது ஒரு பெரிய விஷயமில்லை. முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் அறை. மேசையில் டீச்சரின் புகார். பக்கத்தில் மீசை அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"டார்ச்சு சரியில்லன்னு நீ சொல்றியாம். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சூப்பர்வைசர் சிரித்தார். "தப்பா எடுத்துக்காதம்மா. லேடீஸுக்கு மெஷின்னா கொஞ்சம் அப்படித்தான்."

அந்தச் சனியனை எடுத்தேன். பூட்டைத் திறந்தேன். மின்மினி, நடுத்தரம், முழு வெளிச்சம், வெட்டி அடிப்பது, மெழுகுவர்த்தி நடுக்கம், பேட்டரி அளவு, உடம்புச் சூடு எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டினேன். மறுபடி பூட்டி அவர் கையில் கொடுத்தேன்.

"நீங்க போடுங்க சார்."

அவர் வேறு கம்பெனி டார்ச் வைத்திருப்பவர். அதற்கு மூன்று அமுக்கு, இதற்கு நான்கு. அமுக்கினார், சிமிட்டியது. முறைத்தார், சிமிட்டியது. முகத்துக்கு நேரே பிடித்து விடாமல் அமுக்கியதில் படபடவென்று அவர் கண்ணிலேயே அடித்தது. நாற்காலியோடு பின்னால் போய்விட்டார்.

"இதக் கத்துக்கிட்டுத்தான் சொல்றேன் சார். இது சுவத்துல அடிச்சுப் பார்க்கத்தான் லாயக்கு."

கண்ணைக் கசக்கிக்கொண்டே என் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். ஆனால் மேலே ஒரு வரி சேர்த்தார். 'பெண் பணியாளர் என்பதால் எளிய டார்ச் வழங்கி, வெளிச்சமுள்ள கட்டடங்களுக்கு மட்டும் அனுப்பலாம்.' வெளிச்சமுள்ள கட்டடம் எங்களிடம் மூன்றே மூன்றுதான். இருபது கேட்டவளுக்கு மூன்று.

அடுத்த வாரம் எனக்கு ரோஸ் நிறத்தில் ஒரு டார்ச் வந்தது. ஒரே சுவிட்ச். தள்ளினால் எரியும், இழுத்தால் அணையும். கருவிப் பதிவேட்டில் அதற்குத் தனிப் பக்கம் ஒதுக்கி, 'பெண் பணியாளர் டார்ச்' என்று தலைப்பும் போட்டிருந்தார்கள். அதே வண்டியில் ஆண்கள் பத்துப் பேருக்கும் அந்த நானூறு பேர் குழு சிபாரிசு செய்த புது டார்ச்சுகளை சூப்பர்வைசர் இறக்கினார். பதினாறு விதமாக எரியுமாம்.

நான்காம் நாள் மீசை அண்ணன் என்னிடம் வந்தார். "தங்கச்சி, அந்த ரோஸ கொஞ்சம் குடேன். என்னுது சிமிட்டிக்கிட்டே இருக்கு. எங்கிட்ட இருந்த பழசையும் திருப்பி வாங்கிட்டாங்க."

"எடுத்துட்டுப் போங்கண்ணே. பதிவேட்டுல ஒரு கையெழுத்துப் போட்டுருங்க."

அவர் தலைப்பைப் படித்தார், என்னைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மற்றவர்கள் அப்படிச் சிரிக்கவில்லை. திருடன் மாதிரி வந்தார்கள், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் ரோஸ் தெரியாமல் இருக்கக் கறுப்பு டேப் சுற்றித் திருப்பிக் கொடுத்தார். நான் டேப்பைப் பிரித்துவிட்டேன். மூன்றாம் வாரத்துக்குள் ஒன்பது பேர்.

அந்த வாரக் கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். லிஃப்டின் அடிக்குழியில் இறங்கிப் பார்க்க வேண்டும் என்றார். சூப்பர்வைசர் மூச்சிரைக்க என்னிடம் ஓடி வந்தார்.

"ஏம்மா, அதக் குடு, சீக்கிரம்."

பதிவேட்டைத் திறந்து நீட்டினேன். அவசரத்தில் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மேலே பார்த்தார். தலைப்பு, அதன் கீழே ஒன்பது பேர், பத்தாவதாக அவர். மூஞ்சியில் ஈயாடவில்லை. என் அனுமதிக் கடிதத்தைப் பதிவேட்டின் மேல் வைத்தேன்.

"இந்தப் பக்கத்துல இருக்குற பெண் பணியாளர் எல்லாரையும் வெளிச்சமுள்ள கட்டடத்துக்கு மட்டும் அனுப்பப்போறீங்களா சார்? இல்ல, அந்த வரிய அடிச்சுர்றீங்களா?"

வெளியே அதிகாரி அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் அந்த வரியை அடித்தார், பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்தும் போட்டார், ரோஸ் டார்ச்சைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போனார்.

இருபது கட்டடம். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பதிவேட்டின் பக்கத்தை ஃபோட்டோ எடுத்துக் கணவருக்கு அனுப்பினேன். 'இதையும் உங்க குழுவுல போடுங்க' என்று கீழே எழுதினேன். இதைப் பார்த்தாவது அந்த மனிதருக்கு ஒரு சொட்டு வெட்கம் வரும் என்று, இன்னும், அப்போதும்கூட, ஒரு நப்பாசை.

உடனே பதில் வந்தது.

'அந்த ரோஸ் எத்தனை லூமன்?'