தேதி சாரும் நாற்பத்தெட்டு பாட்டில்களும்

அந்த ஆரம்பப் பள்ளியின் அலுவலகத்தில் ஒரு கிளார்க் இருந்தார். அவரைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது; தேதி சார் என்றால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடும். விடுப்புக் கடிதமோ, குழாய் ஒழுகுகிறது என்ற புகாரோ, எது வந்தாலும் மனிதர் முதலில் வலது மேல் மூலையைத்தான் பார்ப்பார். அங்கே தேதி இல்லையென்றால் மீதியைப் படிக்கவே மாட்டார். "தேதி போடல. போட்டுட்டுக் கொண்டாங்க" என்று தாளைத் திருப்பி நீட்டிவிடுவார். பதினேழு வருஷமாக இதே வாக்கியம்தான். தலைமையாசிரியையின் தாளையே ஒருமுறை திருப்பி அனுப்பியவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே பேராசை மாடிப்படிக்குக் கீழே இருந்த அறை. அலுவலகத்தில் பழைய கோப்புகள் அலமாரி கொள்ளாமல் தரையில் இறங்கி, அவர் கால் வைக்கும் இடம்வரை வந்துவிட்டன. அந்த அறையைக் கொடுங்கள் என்று மூன்று மனு எழுதினார். மூன்றிலும் தேதி இருந்தது. ஆனால் அறையை நாலாம் வகுப்பு டீச்சர் பிடித்துவைத்திருந்தார். அங்கேதான் புதன், வியாழன் மாலைகளில் அறிவியல், மறுசுழற்சி கிளப் நடக்கும்.

டீச்சருக்குக் குப்பை டீச்சர் என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது. அவர் அதற்குக் கோபித்துக்கொள்ளாமல், கிளப் கதவில் அதையே பெரிதாக எழுதி ஒட்டிவிட்டார். அதற்குமேல் யார் என்ன செய்வது?

தேதி சாருக்கு ஆரம்பத்தில் அந்தக் கிளப்பைக் கண்டாலே எரிச்சல். பள்ளிக்கூடத்தில் படிப்பு சொல்லிக்கொடுக்காமல் இதென்ன வேலை என்று தண்ணீர்ப் பானை வைக்கிற அம்மாவிடம் முணுமுணுப்பார். எரிச்சலோடு எட்டிப் பார்க்கப் போனவர்தான், அடிக்கடி எட்டிப் பார்க்க ஆரம்பித்தார். சும்மா சொல்லக்கூடாது, பார்க்கும்படிதான் இருந்தது. பாதியாக வெட்டிய பாட்டிலில் கோடு போட்டு மழை அளந்தார்கள். சாப்பாட்டு மிச்சம் போட்ட வாளியில் புழு நெளிவதை, முகம் சுளிக்காமல் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். மூடிகளை நிறம் நிறமாகப் பிரித்தார்கள். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து அவர் பார்த்ததே இல்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பிள்ளைகளோடு தரையில்தான் இருப்பார். ஒரு பிள்ளை கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்லமாட்டார். "ஆளைக் கேக்காத, பொருளைக் கேளு" என்பார்.

எல்லாவற்றையும்விடத் தேதி சாரை உலுக்கியது ஒரு நோட்டு. அதற்குத் தப்பு நோட்டு என்று பெயர். கிளப்பில் யார் தப்புச் செய்தாலும் திட்டு கிடையாது. அதில் நாலு வரி எழுத வேண்டும். என்ன நினைச்சேன், என்ன செஞ்சேன், என்ன ஆச்சு, இப்ப என்ன தெரியும். அவ்வளவுதான். அதில் அதிகம் எழுதியிருந்தவர் டீச்சர்தான். ஈரத்தோடு மூட்டை கட்டி நாற வைத்தது, புழு வாளியை வெயிலில் வைத்தது எல்லாம் அவர் கையெழுத்தில் இருந்தன. பிள்ளைகள் அந்த நோட்டில் எழுத வரிசையில் நிற்பார்கள். தன் பதினேழு வருஷ வேலையில் ஒரு தப்பையும் ஒப்புக்கொள்ளாத மனிதருக்கு இது என்ன மாதிரி இடமென்றே புரியவில்லை.

அந்த வருஷம் அவருடைய மகள் மூன்றாம் வகுப்புக்கு வந்து கிளப்பில் சேர்ந்துவிட்டாள். பள்ளிக்கூடத்துக்குள் தன்னை சார் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அவளும் ஒழுங்காகக் கூப்பிட்டாள். ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் போதும், வாய் ஓயாது. கிளப், கிளப், கிளப். பலகையில் எண்ணிக்கை எழுதும் வேலை அவளுடையது. தகப்பனுக்குப் பிறந்த பிள்ளை அல்லவா, எதை எடுத்தாலும் முதலில் தேதியைத் தேடுவாள். வாளியில் புழு போட்ட தேதி, விதை ஊன்றிய தேதி எல்லாம் அவளிடம் இருக்கும். அதைக் கேட்டு அவருக்கு உள்ளுக்குள் பெருமை பொங்கும். வெளியே மட்டும், "சோத்தப் பாத்துச் சாப்பிடு" என்பார்.

சங்கடம் வந்தது பாட்டில் போட்டியால். ஊரிலுள்ள பள்ளிகளுக்குள் ஒரு மாதப் போட்டி. எந்தப் பள்ளி அதிகக் காலி பாட்டில் சேர்க்கிறதோ அதற்கு முதல் பரிசு. தலைமையாசிரியை சமயம் பார்த்து ஒரு முடிவைச் சொன்னார்: கிளப் முதலாவதாக வந்தால் படிக்கட்டு அறை நிரந்தரமாகக் கிளப்புக்கு, இல்லாவிட்டால் கோப்புகளுக்கு. யாருடைய மனுவை மனதில் வைத்து அப்படிச் சொன்னார் என்று கேட்க வேண்டுமா?

தேதி சாருக்கு அன்றிலிருந்து தூக்கம் கெட்டது. அறை வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் மூன்று முறை கேட்டு வாங்கப் பார்த்த வாயால் வேண்டாம் என்று சொல்வதா? மானம் போகாதா? தண்ணீர்ப் பானை அம்மா சிரிக்கமாட்டாளா? சரி, பிள்ளைகள் தாங்களே ஜெயித்துவிடுவார்கள் என்று சும்மா இருந்தார். கடைசி வாரம் வந்தது. அடுத்த தெருப் பள்ளி அறுநூற்று நாற்பது பாட்டிலோடு கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டது. இவர்கள் எப்படிப் பார்த்தாலும் முப்பது குறையும்போல இருந்தது. மகள் அன்று சாப்பிடும்போது வாயே திறக்கவில்லை. அதுதான் அவரைக் கொன்றது.

மறுநாள் மனிதர் மூன்று பெட்டி ஆரஞ்சு பானம் வாங்கினார். பெட்டிக்கு இருபத்துநாலு பாட்டில். வீட்டுக்குக் கொண்டுபோனால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று அலுவலக அலமாரியில் வைத்துப் பூட்டினார். காலை ஏழு மணிக்குப் பள்ளியைத் திறப்பவர் அவர்தான். மகள் அம்மாவோடு எட்டரைக்குத்தான் வருவாள். இடையில் நாளுக்குப் பதினாறு பாட்டிலை அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த செடிப்பாத்தியில் கவிழ்த்தார். முதல் நாள் கொட்ட மனம் வராமல் நாலைக் குடித்துப் பார்த்தார். மத்தியானம்வரை ஏப்பம் நிற்கவில்லை. காலிப் பாட்டில்களை ஒரு பையில் போட்டுக் கிளப் கதவில் மாட்டிவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளைபோல வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். மூன்று நாளில் இரண்டு பெட்டி காலி. ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும் என்று மூன்றாவது பெட்டி அலமாரியிலேயே இருந்தது.

பலகையில் புது வரி ஒன்று ஏறியது: பெயர் தெரியாதவர், 48. மகள் வீட்டில், "யாரோ ரொம்ப நல்லவங்கப்பா" என்றாள். அவருக்கு அழுகை வராத குறை.

வியாழக்கிழமை மாலை ஒரு கடிதத்தைத் தேதி இல்லை என்று ஓரம் கட்டிக்கொண்டிருந்தபோது, கதவுக்குப் பக்கத்தில் ஏதோ உரசும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தார். ஒன்பது பிள்ளைகள் முட்டிபோட்டுத் தவழ்ந்து வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் அவர் மகள், கையில் சாக்பீஸ். கடைசியில் டீச்சர், அவரும் முட்டிபோட்டுத்தான். எறும்பு வரிசையைப் பின்தொடர்கிறோம், கொஞ்சம் காலைத் தூக்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அவர் காலைத் தூக்கினார்.

நடந்தது இதுதான். செடிப்பாத்தியில் திடீரென்று இத்தனை எறும்பு ஏன் என்று மழை அளக்கப் போன பிள்ளை ஒன்று கேட்டிருக்கிறது. பொருளைக் கேளு என்று டீச்சர் சொல்லிவிட்டார். இரண்டு மூடியில் தண்ணீரும் சர்க்கரைத் தண்ணீரும் வைத்துப் பார்த்தார்கள். எறும்பு எதற்கு வந்தது என்று சொல்லத் தேவையில்லை. மண்ணை முகர்ந்தால் ஆரஞ்சு வாசனை. பிறகு வரிசை போன வழியெல்லாம் கோடு இழுத்துக்கொண்டே சுவரோரமாக, வாசற்படி தாண்டி, இங்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள். கோடு அவருடைய நாற்காலிக்கு அடியில் புகுந்து, பூட்டிய அலமாரியின் கதவிடுக்கில் போய் நின்றது.

மகள் எழுந்து நின்றாள். "சார், அலமாரியத் திறங்க" என்றாள்.

சாவி இல்லை என்று சொல்லியிருக்கலாம். கோப்பு கலையும் என்று சொல்லியிருக்கலாம். பதினேழு வருஷத்தில் எத்தனை பேரை எப்படியெல்லாம் திருப்பி அனுப்பியிருக்கிறார்! இந்த முறை சாவியை எடுத்துத் திறந்தார். பெட்டி ஒரு பக்கம் நனைந்து, எறும்பு மொய்த்துக் கிடந்தது. ஏதோ ஒரு பாட்டில் கசிந்திருந்தது. மகள் ஒரு பாட்டிலை எடுத்துத் திருப்பி, கழுத்துப் பக்கம் அச்சடித்திருந்த தேதியைப் பார்த்தாள். பிறகு தன் நோட்டைப் புரட்டினாள். அதில் முன்பே எழுதி வைத்திருந்தாள்: பெயர் தெரியாதவரின் நாற்பத்தெட்டு பாட்டிலிலும் ஒரே தேதி, ஏன்? வீடுகளிலிருந்து வருகிற பாட்டில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தேதியில்தானே இருக்கும்.

"அதே தேதி" என்றாள் மெதுவாக. அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நான்தான் வாங்கினேன்" என்றார் தேதி சார். "உள்ள இருந்ததக் கீழ கொட்டிட்டேன்."

டீச்சர் இப்போது என்ன சொல்வாரோ என்று அவர் உடம்பெல்லாம் கூசியது. பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு நாலு கேள்வி கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். டீச்சர் ஒன்றும் கேட்காமல் அங்கேயே, கோப்புக் குவியலுக்கு நடுவே, தரையில் உட்கார்ந்தார். தப்பு நோட்டை வாங்கி முதலில் தானே எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார். குப்பை குறைய வேண்டும் என்று கிளப் தொடங்கினேன். எண்ணிக்கை கூடக் கூடக் கைதட்டினேன். பாட்டில் வாங்குவதற்கு ஆள் சேர்த்துவிட்டேன். எண்ண வேண்டியதை விட்டு வேறு எதையோ எண்ணியிருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது. வாசிக்கும்போது அவர் குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. இரண்டு பிள்ளைகள் தயங்கித் தயங்கி, தாங்களும் பாட்டிலுக்காகவே வீட்டில் பானம் வாங்கச் சொல்லி அடம்பிடித்ததாகவும், வீட்டில் மறுத்துவிட்டார்கள் என்றும் ஒப்புக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அடேயப்பா, என்ன மனுஷி இவள் என்று தேதி சார் அசந்துபோனார். அறை போகப்போகிறது, அது தெரிந்தும் பிள்ளைகளிடம் இப்படிப் பேச முடிகிறதே!

பிறகு எல்லோரும் படிக்கட்டு அறைக்குப் போனார்கள். அவரும் பின்னாலேயே போனார். பலகையில் 658 என்று இருந்தது. மகள் அதை அழிக்கவில்லை. அதற்குக் கீழே 48 என்று எழுதி, கழித்து, 610 என்று போட்டாள். அடுத்த தெருப் பள்ளியின் 640 பக்கத்திலேயே இருந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை, உதட்டைக் கடித்துக்கொண்டு, தோற்றுப்போன எண்ணுக்கு அடியில் இரண்டு கோடு இழுத்தாள். தேதி சார் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். இவ்வளவு நேர்த்தியாக அவர் ஒரு நாளும் கோடு போட்டதில்லை. பிள்ளைகளுக்கான குட்டி நாற்காலியில் அவரை உட்காரச் சொன்னார்கள். நோட்டு அவர் மடிக்கு வந்தது. மூன்று வரி எழுதினார், நாலாவது வரவில்லை. தெரிந்த பிறகு எழுதுங்கள், அவசரமில்லை என்றார் டீச்சர்.

வெள்ளிக்கிழமை டீச்சர் 610 என்றே கொடுத்தார். கேட்டவர்களிடம் காரணத்தையும் சொன்னார், ஆனால் யார் என்று சொல்லவில்லை. கிளப் இரண்டாவதாக வந்தது. திங்கட்கிழமை தலைமையாசிரியை அறையின் சாவியைத் தேதி சாரின் மேசையில் வைத்து, நீங்கள் கேட்டது கிடைத்துவிட்டது என்றார். அவர் சாவியைத் தொடவில்லை. முதலில் பாட்டில் வாங்கிய அந்த யாரோ நான்தான் என்று சொன்னார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அது நாலாவது மனு. மூன்று மனுவையும் திரும்பப் பெறுகிறேன், அறை எனக்கு வேண்டாம், பிள்ளைகள் கையிலேயே இருக்கட்டும் என்று எழுதியிருந்தார்.

கோப்பை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டார் தலைமையாசிரியை. பத்து வருஷத்துக்கு முந்தியதை விதிப்படி கழித்துவிடலாம், பிரித்துப் பார்க்கச் சோம்பல்பட்டுத்தான் அறை கேட்டுக்கொண்டிருந்தேன் என்று உண்மையைச் சொன்னார். லீவு நாளில் வந்து பிரித்துவிடுவதாகவும் சொன்னார். தலைமையாசிரியை அவரை ஒரு நிமிஷம் ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

புதன்கிழமை மாலை அவர் கிளப்புக்குச் சாவியைக் கொண்டுபோனார். டீச்சர் வாங்கிக்கொண்டு புழு வாளியை நகர்த்தி, அவர் உட்கார இடம் விட்டார். அவர் தப்பு நோட்டைக் கேட்டு வாங்கி நாலாவது வரியை எழுதினார்: அறை வேண்டாம்னு முதல்லயே சொல்லியிருந்தா ஒரு பாட்டிலும் வாங்கியிருக்க வேண்டாம், சொல்ல வெக்கப்பட்டேன்.

எழுதி முடித்து மகளிடம் நீட்டினார். அவள் நாலு வரியையும் விரல் வைத்துப் படித்தாள். படித்துவிட்டு வலது மேல் மூலையைப் பார்த்தாள். நோட்டை அவரிடமே திருப்பி நீட்டினாள்.

"தேதி போடலப்பா. போட்டுட்டுக் கொண்டாங்க."

அவர் சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். கண் கலங்கியிருந்ததால் மூலை எங்கே இருக்கிறதென்று தெரியக் கொஞ்ச நேரம் ஆனது.