தேனப்பன் & தங்கச்சி

“தமிழ் மாதிரி தெரிஞ்சா போதும்கா. என்ன எழுதுறீங்கங்கிறது ஒரு மேட்டரே இல்ல,” என்றான் குகன்.

சீதைக்குச் சுருக்கென்றது. பினாங்கு லிட்டில் இந்தியாவில் இருபத்தாறு வருடமாகக் கடை போட்டு, கல்யாணப் பத்திரிகையும் தைப்பூசப் பேனரும் அடித்துக் கொடுக்கிறவளிடம் வந்து இப்படியா பேசுவது? சமையல்காரரிடம் போய், உப்பு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்று சொல்கிற மாதிரி. ஆனால் குகனைக் கோபிக்கவும் முடியவில்லை. முப்பத்தைந்து வயதில், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான பிறகு, அவனுக்கு ஓர் அமெரிக்கப் படத்தில் வேலை கிடைத்திருக்கிறது. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் புதுத்தாலி மாதிரி தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

அந்தப் படக் கம்பெனி ஜார்ஜ் டவுனில் இரண்டு மாதம் டேரா போட்டிருந்தது. கதைப்படி நம் தெரு பழைய காலத்து ரங்கூனாம். பினாங்குக்கு என்றைக்கும் வேறு ஊர் வேஷந்தான் கிடைக்கும் போல என்று சீதை நினைத்துக்கொண்டாள். தமிழில் ஏழு கடைப் பலகைகள் வேண்டும். கம்ப்யூட்டரில் அடிக்கக் கூடாது, பெயிண்டில் கையால் எழுத வேண்டும். அவ்வளவுதான் உத்தரவு.

“நம்மாளுங்க படிப்பாங்கல்ல தம்பி?”

“யாருக்கா? ஹீரோ ஓடுறாரு, பின்னால குண்டு வெடிக்குது. மொத்தம் ரெண்டு செகண்டு. அமெரிக்காக்காரன் போர்டப் பாப்பானா, குண்டப் பாப்பானா? ரிலேக்ஸ்லா.”

சீதைக்குத் தெரியும்: அமெரிக்காவில் ஓர் ஆள் போர்டைத்தான் பார்ப்பான். குண்டு என்ன, பூமியே பிளந்தாலும் மூலையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிற ஆள். அவளுடைய அண்ணன் தேனப்பன்.

சின்ன வயதில் அவர்கள் வீடு தண்ணீர்மலைப் பக்கம், ஒரு திடலை ஒட்டி இருந்தது. சனிக்கிழமை தோறும் ஏதோ ஒரு பானக் கம்பெனியின் வேன் வந்து, திடலில் வெள்ளைத் துணி கட்டி, அமெரிக்கப் படம் போடும். அப்பாவை அவர்கள் அப்பச்சி என்பார்கள்; அவர் கோயில் காரியம் பார்த்தவர். சினிமா என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. பிள்ளைகள் வாசலைத் தாண்டக் கூடாது. ஆனால் மாடி ஜன்னலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லையே! அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் திரையின் பின்பக்கம் தெரியும். துணியில் ஊடுருவி வரும் படம், இடது வலம் மாறி. ஆறு வயதுச் சீதையும் பத்து வயதுத் தேனப்பனும் கட்டில்மேல் முட்டிபோட்டு, அமெரிக்காவை அப்படித்தான் முதன்முதலில் பார்த்தார்கள். அங்கே குதிரைக்காரர்கள் எல்லாரும் இடது கையால் சுட்டார்கள். எல்லாரும் இடது கையால் சாப்பிட்டார்கள். “ச்சீ, கையே கழுவ மாட்டாங்களாண்ணே?” என்று சீதை கேட்பாள். கீழே ஓடிய மலாய் எழுத்தும் திரும்பித்தான் ஓடும். இரண்டே வருடத்தில் இருவரும் அதைச் சரளமாகப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். அப்புறம் தமிழையே அப்படித் திருப்பி எழுதி ஒருவருக்கொருவர் கடிதம் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள். அப்பச்சி ஒருநாள் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்குக் காத்துக் கருப்பு ஏதும் அடித்துவிட்டதோ என்று விபூதி பூசினார். தேனப்பன் மட்டும் அந்தக் கடிதங்களிலும் எழுத்துப் பிழை பார்ப்பான். சீதைக்குச் சின்ன ர எது, பெரிய ற எது என்பது வரவே வராது. தலையில் நறுக்கென்று ஒரு குட்டு விழும்.

அந்த ஜன்னல் வழியாகவே அவன் அமெரிக்காவுக்குப் போய்விட்டான் என்று ஆத்தா சொல்வாள். இருபத்தெட்டு வயதில் நிஜமாகவே போனான். விமான நிலையத்தில், படத்தில் பார்த்த மாதிரி ஆத்தாவைக் கட்டிப் பிடித்தான். “என்னடா இது, ஆளுக பாக்குறாக, விடு விடு,” என்று ஆத்தா உதறிக்கொண்டாள். பிறகு ஒரு வாரம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். போய் முதலில் எழுதிய கடிதத்தில், ரோட்டைத் தாண்டும்போது கார் மோதப் பார்த்தது என்று எழுதியிருந்தான். “சீதை, நாம பார்த்த அமெரிக்காவில் கார் எல்லாம் நம் ஊர் மாதிரி இடது பக்கமாகப் போகும், நினைவிருக்கா? அதை நம்பி எந்தப் பக்கம் பார்க்கணும்னு தெரியாம நின்னுட்டேன்.”

ஆத்தா இறந்தபோது அவன் வரவில்லை. அதுதான் கதை. வந்தால் திரும்பிப் போக முடியாது, பேப்பர் சரியில்லை என்றான். கொள்ளி போட மகன் இல்லாமல், சீதையின் கணவர் போட்டார். அன்றைக்குப் போனில் சீதை சொன்னாள்: “இந்த வீட்டுக் கதவு இனி ஒனக்குத் தொறக்காது. சினிமாவையே கட்டிக்கிட்டு அழு.” மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. பதினொரு வருடம் ஆகிறது. அந்த மூச்சு இன்னும் அவள் காதில் இருக்கிறது.

மகள் ஹேமா எப்படியோ ஃபேஸ்புக்கில் அவனைத் தேடிப் பிடித்து, “அம்மா, இதான் அம்மான் பேஜ், நம்பர் கூட இருக்கு,” என்று காட்டியபோது, சீதை, “எனக்கு எந்த நம்பரும் வேணாம்,” என்று எழுந்து போனாள். பிறகு தினமும் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அந்தப் பக்கத்தைத் திருட்டுத்தனமாகத் திறப்பாள். அதில் முகப்படம் கூடக் கிடையாது. வாரத்துக்கு ஒரு சினிமா டிக்கெட்டின் படம் மட்டும் போடுவான். புதுப் படம் எது வந்தாலும் விடுவதில்லை. மனிதன் இன்னும் அந்த ஜன்னலை விட்டு எழுந்திருக்கவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. கூப்பிடத்தான் கை வரவில்லை. கூப்பிட்டு என்ன சொல்வது? அமெரிக்கப் படங்களில் எல்லாரும் மழையில் நனைந்துகொண்டு சாரி சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் வீட்டிலோ சண்டை தீர்ந்தால், “சாப்பிட்டியா?” என்று கேட்பார்கள். அதைப் பதினொரு வருடம் கழித்துப் போனில் கேட்டால் நன்றாகவா இருக்கும்?

ஆறு பலகைகளில் நகைக்கடை, ஜவுளிக்கடை என்று மளமளவென எழுதி முடித்தாள். வழக்கமாக எதை எழுதினாலும் ஹேமாதான் பிழை பார்ப்பாள். ஏழாவது பலகையை மட்டும், ஹேமா ஜுரு தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில், கடைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினாள். காதல் கடிதம் எழுதுகிற வயதா இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சிவப்பில் பெரிதாக: தேனப்பன் & தங்கச்சி. கீழே கறுப்பில்: பலசரக்கு வியாபாரம். அதற்கும் கீழே: கடை எந்நாளும்... அந்த வரியை முடிக்கும்போது கண்ணீர் மறைத்துவிட்டது. திறந்திருக்கும் என்பதை ஒரே மூச்சில் எழுதி, மறுபடி பார்க்காமலே காயவைத்தாள். குகன் வந்து ஏழையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனான்.

படம் வர ஒரு வருடம் ஆயிற்று. வெளியான அன்று காலைக் காட்சிக்கு, விடுப்பு எடுத்த ஹேமாவோடு சீதை போய் உட்கார்ந்தாள். எதற்கு இத்தனை அவசரம் என்று ஹேமாவுக்குத் தெரியாது. ஏழு போர்டும் அம்மா எழுதியது என்ற பெருமை மட்டும் அவளுக்கு. ஒரு மணி நேரம் கழித்துத்தான் ரங்கூன் வந்தது. ஹீரோ ஓடி வந்தான். அவனுக்குப் பின்னால், சுவரில், சிவப்பு எழுத்து. தேனப்பன் & தங்கச்சி. சீதை படித்தாள். கடை எந்நாளும் என்பது வரை படித்தாள். குண்டு வெடித்தது.

முன்வரிசையில் ஒரு சீன மூதாட்டி, “ஐயோ, தெர்பாலேக்!” என்று சத்தமாகச் சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள்.

“ஆமாம்மா, பாத்தியா? எழுத்தெல்லாம் திரும்பிக் கெடக்கு,” என்று ஹேமா கொதித்தாள். “சீன எழுத்து, நம்ம எழுத்து எல்லாமே. கண்ணாடியில பாக்குற மாதிரி. ச்சே! ஒருத்தனாலயும் படிக்க முடியாது.”

வெளியே வந்ததும் ஹேமா குகனுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்தாள். அவனுக்கே வெட்கமாகப் போய்விட்டது. “ஹீரோ அதுக்கு முந்தின ஷாட்டுல அந்தப் பக்கம் ஓடுறாராம்கா. தெச மாறக் கூடாதுன்னு அங்க எடிட்டிங்ல அப்படியே திருப்பிப் போட்டுட்டாங்க. படிக்கத் தெரிஞ்சவங்க அங்க யாரு இருக்கா? சாரிக்கா. உங்க ஒழைப்பெல்லாம் வீணாப் போச்சு.”

சீதை போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தாள். மெதுவாகத்தான் அது உறைத்தது. எழுத்து திரும்பியிருந்தது அந்தக் கிழவி சொல்லும் வரை அவளுக்குத் தெரியவே இல்லை. அவள் பாட்டுக்குப் படித்துக்கொண்டு போனாள். ஹீரோவின் துப்பாக்கி கூட இடது கையில்தான் இருந்தது. அமெரிக்காக்காரன் அப்படித்தானே பிடிப்பான் என்று மனசு சும்மா இருந்துவிட்டது. உலகம் முழுக்க அந்தப் படத்தைக் கோடிப் பேர் பார்க்கட்டும். அதைப் படிக்கக்கூடிய கண்கள் மொத்தம் நாலு. அதில் இரண்டு அவளுடையவை.

வெள்ளிக்கிழமை அவன் பக்கத்தில் அந்தப் படத்தின் டிக்கெட் வந்தது. சீதை போனைக் கையிலேயே வைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. சனிக்கிழமையும் ஒன்றும் இல்லை. பார்க்கவில்லை போல, கண்ணை மூடிக்கொண்டானோ என்னவோ, அல்லது பார்த்தும் வேண்டாம் என்றுவிட்டானோ. அவள் சொன்ன வார்த்தைக்கு அவன் அப்படிச் செய்தாலும் தப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி அதே படத்தின் டிக்கெட். “அம்மான் ஏம்மா ஒரே படத்த ரெண்டு தடவ பாத்தாரு? அவ்வளவு நல்லாவா இருந்துச்சு?” என்றாள் ஹேமா. அம்மா தினமும் அந்தப் பக்கத்தைப் பார்க்கிறாள் என்பது அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை, கடையின் வாட்ஸ்அப்புக்கு, எல்லாப் பேனரின் அடியிலும் கடையின் ஃபேஸ்புக் பக்கத்திலும் போடுகிற அந்த நம்பருக்கு, வெளிநாட்டிலிருந்து ஒரு படம் வந்தது. கோடு போட்ட தாளில் பேனாவால் எழுதிய இரண்டு வரி. ஹேமாதான் முதலில் பார்த்தாள்.

“யாரோ ஆர்டர் அனுப்பிருக்காங்க. என்ன எழுத்தும்மா இது, தெலுங்கா? இரு, கண்ணாடி எடுத்துட்டு வர்றேன்...”

சீதை போனை வாங்கினாள். அவளுக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.

‘சீதை, திறக்கிறதுக்குப் பெரிய ற. எத்தனை தடவ குட்டிருப்பேன்.’

அவள் முதலில் சிரித்தாள். போர்டில் சின்ன ர போட்டுவிட்டாளா! இருபத்தேழு வருடத் தொழில், மானம் போயிற்று. பிறகு அந்தச் சிரிப்பு எங்கோ இடறி, மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். ஹேமா பயந்துபோய்த் தோளைப் பிடித்தாள். சீதை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “ஒண்ணுமில்லடி. தப்பாப் போட்டுட்டேன். திருத்தணும்,” என்றாள்.

இழுப்பறையிலிருந்து வெள்ளை மார்க்கரை எடுத்துக்கொண்டு கடையின் கண்ணாடிக் கதவுக்குப் போனாள். உள்ளே நின்றபடி, கண்ணாடியில், வலமிருந்து இடமாக எழுத ஆரம்பித்தாள். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் கை மறக்கவில்லை. பெரிய ற வந்தபோது மட்டும் நிதானித்து, அதன் காலை நன்றாக இழுத்து விட்டாள். வெளியே ஓடிப்போய் நின்ற ஹேமாவுக்கு எழுத்து நேராகத் தெரிந்தது. “கடை எந்நாளும் திறந்திருக்கும்,” என்று சத்தமாகப் படித்துவிட்டு, போனை உயர்த்திப் பிடித்தாள்.

“அங்கேருந்து எடுக்காத,” என்று சீதை கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து கையாட்டினாள். “உள்ள வா. இங்கேருந்து எடு. அண்ணனுக்கு இந்தப் பக்கந்தான் பழக்கம்.”

ஹேமா உள்ளே வந்து எடுத்தாள். படத்தில் எழுத்துகள் திரும்பி நின்றன. அவற்றுக்கு ஊடே, காலை வெயிலில், கார்கள் இடது பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன.