கைக்குட்டை மேகம்

பல்கலைக்கழகம் தூத்துக்குடிக் கல்லூரிக்குக் கோளரங்கம் கொடுத்தபோது, நட்சத்திரம் காட்டும் மிஷினை அனுப்பிவிட்டுக் கூரையை மறந்துவிட்டது. தோணிக்குப் பாய் தைக்கிறவர்கள் வந்து, கவிழ்த்த சட்டிபோல ஒரு வானம் தைத்துக் கொடுத்தார்கள். அதற்குள் நின்று விளக்கம் சொல்வது டெமான்ஸ்ட்ரேட்டர் இனிகோவின் வேலை. தற்காலிக வேலை, மூன்று வருஷமாகத் தற்காலிகம். பள்ளிப் பிள்ளைகளிடம் முதலில் ஒன்றைச் சொல்வான்: "நம்ம வானத்துல மேகமே கிடையாது. வருஷம் பூரா எல்லா நட்சத்திரமும் தெரியும்." பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

எழுபத்துநான்கு நவம்பரில் அவன் மாமனார் ரோச் தண்டலாக இருந்து ஓட்டிவந்த தோணி, கொழும்பிலிருந்து திரும்புகையில் வான் தீவுக்கு வெளியே பார் என்கிற பாறைத்திட்டில் ஏறி உடைந்தது. இரண்டு பேர் செத்தார்கள். மழையில் நட்சத்திரமும் தெரியவில்லை, லைட்ஹவுஸும் தெரியவில்லை என்றார் ரோச். தெளிந்த வானம், தண்டல் தூங்கிவிட்டார் என்றார் கரையில் தூங்கிய தோணி முதலாளி. விசாரணைக்கு ஒரு கமிட்டி வைத்தார்கள். தப்பு என்று முடிவானால் ரோச்சின் லைசன்ஸ் போய்விடும். அதைவிட, செத்த இருவரும் திரேஸ்புரத்தில் அவர் தெருக்காரர்கள். தூங்கினவர் என்ற பெயரோடு அந்தத் தெருவில் நடக்க முடியாது.

அன்று மழை பெய்ததா என்று சொல்லவேண்டிய ஹார்பர் ரெஜிஸ்டர், மழையில் நனைந்து எழுத்தெல்லாம் கரைந்துபோயிருந்தது. அதுவே ஒரு சாட்சியம் என்று யாருக்கும் தோன்றவில்லை. பதிலுக்கு, எந்தத் தேதி வானத்தையும் எங்கள் மிஷின் காட்டும் என்று கோளரங்கப் பொறுப்பிலிருந்த பேராசிரியர் ஆறுமுகநயினார் கமிட்டிக்குக் கடிதம் எழுதினார். கமிட்டித் தலைவர் வன்னியபெருமாளுக்கு விஞ்ஞானம் என்றால் உயிர். ஆகவே விசாரணை பட்டப்பகலில் பாய்த்துணி வானத்துக்குள் கூடியது.

இனிகோ தோணி உடைந்த தேதியை வைத்தான், உடைந்த நேரமான இரவு இரண்டு மணியை வைத்தான். வானம் முழுக்க நட்சத்திரம் பூத்தது. கமிட்டி அண்ணாந்து பார்த்தது. இவ்வளவு வெளிச்சத்தில் வழி தெரியவில்லையா என்று தலைவர் கேட்டார். மிஷினுக்கு மேகம் காட்டத் தெரியாது என்று இனிகோ சொன்னான். மிஷினில் குறை இருக்கிறதா என்று பேராசிரியரைக் கேட்டார்கள். துளியும் இல்லை என்றார் பேராசிரியர், இனிகோவைப் பார்க்காமல்.

ரோச்சைக் கேட்டார்கள். அவர் வெகுநேரம் அண்ணாந்திருந்தார். இனிகோ மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டான்: இது பொய் வானம் என்று சொல்லட்டும், போதும்.

"துருவ நட்சத்திரம் சரியா இருக்கு. கார்த்திகைக் கூட்டமும் சரி," என்றார் ரோச். "அந்த நேரத்துக்கு இப்பிடித்தான் நிக்கும் ஐயா. ஒண்ணுகூடப் பெசகல."

முப்பது வருஷம் கடலோடியவர். சரியாக இருப்பதைத் தப்பு என்று சொல்ல அவருக்கு வாய் வராது. சாட்சி ஒப்புக்கொண்டதாகத் தலைவர் எழுதச் சொன்னார்.

இனிகோவுக்குக் கை தானாகப் போனது. சட்டைப்பையிலிருந்த கைக்குட்டையை எடுத்து மிஷின்மேல் போர்த்தினான். தற்காலிக வேலை அந்தக் கணம் இன்னும் தற்காலிகமானது. பாதி வானம் அணைந்தது.

"அன்னைக்கு இப்பிடி மேகம் இருந்திச்சுன்னு சொல்லுங்க மாமா," என்றான்.

ரோச் அதையும் நிதானமாகப் பார்த்தார்.

"இப்பிடி இல்ல மாப்ள. இது ஓரம் வெட்டுனாப்புல இருக்கு. அன்னைக்கு ஓரமே கிடையாது."

அப்படிப்பட்ட மேகம் அன்று இல்லை என்று சாட்சியே சொன்னதாகத் தலைவர் எழுதச் சொன்னார். துணி கருகும் வாடை வந்தது. பேராசிரியர் ஓடிவந்து கைக்குட்டையை உருவினார்.

வெளியே மழை பிடித்திருந்தது. குடை கொண்டுவராத கமிட்டி வாசலில் ஒதுங்கி நின்றது. ஹார்பர் பக்கம் ஒரு கப்பலும் தெரியவில்லை. அது குறிப்பில் ஏறவில்லை.

"உன் மிஷின் சரியாத்தான் இருக்கு," என்றார் ரோச், மழையில் இறங்கும்போது. "அன்னைக்கு வானந்தான் சரியில்ல."

லைசன்ஸ் ஒரு மாதத்தில் போனது. ரோச் தெரு வழியாக நடப்பதை விட்டார். கோயிலுக்குக் கடற்கரையைச் சுற்றிக்கொண்டு போனார். கல்லூரி ஆண்டறிக்கையில், கோளரங்கம் பொதுமக்களுக்கு ஆற்றிய சேவை என்ற தலைப்பில் விசாரணைக்கு ஒரு பாரா கிடைத்தது.

அறிக்கை வந்த அடுத்த வாரம் தருவைகுளத்துப் பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். இனிகோ விளக்கை அணைத்தான். பேராசிரியர் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நம்ம வானத்துல," என்று தொடங்கி நின்றான். பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது.

"மேகமே கிடையாது," என்றான்.

பிள்ளைகள் கைதட்டினார்கள்.